அதிராத வண்டி

“பின்னாடி உக்காராதீங்க தம்பி, சொன்னா கேளுங்க. முன்னாடி வந்து ஏறுங்க.”

பிக்அப் வண்டிக்காரம்மா இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். மெக்கானிக் காதில் வாங்கிக்கொண்டால்தானே. கையில் டீ டம்ளரோடு பின்பக்கம் தாவி ஏறி, கட்டி வைத்திருந்த மரப்பெட்டிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“என் வேலைக்கு நானே சாட்சிக்கா. குலுங்கினா முதல் குலுக்கல் எனக்குத்தான். கேரண்டி.”

எதற்கெடுத்தாலும் அந்த வார்த்தைதான். பட்டறையைச் சேர்ந்து நடத்தும் மைத்துனன் அவனுக்குக் ‘கேரண்டி’ என்றே பெயர் வைத்துவிட்டான்.

மூன்று பட்டறை ஏறி இறங்கிய வண்டி அது. ஒருவர் ஷாக் அப்சார்பரை மாற்றினார், ஒருவர் டயரில் காற்றைக் குறைத்தார், துள்ளல் மட்டும் நின்றபாடில்லை. கேரண்டி அடியில் படுத்துப் பார்த்த ஐந்தாவது நிமிஷமே சொல்லிவிட்டான். ஒரு டன் சுமக்கிற பட்டை ஸ்பிரிங் அது. இவள் ஏற்றுவதோ அதில் கால்வாசி. அப்புறம் பட்டை எங்கே வளையும், வண்டிதான் துள்ளும். ஜுரம் வந்தவனுக்குச் சட்டையை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று சிரித்தான். மெலிசான பட்டை, அதற்குத் தோதான கேஸ் ஷாக், புது ரப்பர் புஷ் என்று மூன்று நாள் வேலை.

இன்றைக்குப் பரீட்சை. தேறினால் அவளுடைய சங்கத்து வண்டிகள் இன்னும் ஆறு இங்கேதான் வரும். மெயின் ரோட்டில் கம்பெனி சர்வீஸ் சென்டர் திறந்த நாளிலிருந்து இந்தப் பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தேறாவிட்டால் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு, மாமனும் மச்சானும் அந்த சென்டரில் போய் வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

வெயில் ஏறுவதற்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவள்தான் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றாள். பெட்டிகளின் மேல் ஈரச்சாக்கு வேறு போர்த்தியிருந்தாள்.

“உள்ள என்னக்கா, கண்ணாடிச் சாமானா?”

“அதைவிட மோசம். கண்ணாடி உடைஞ்சா அது பாட்டுக்குக் கிடக்கும்.”

மேற்கொண்டு கேட்க வாயெடுத்தான். கேட்டால் சொந்த வேலை மேலேயே சந்தேகம் என்றாகிவிடும். அதனால் கேள்வியை மாற்றிப் போட்டான்.

“இதுக்கு முன்னாடி எந்த மெக்கானிக்காவது இப்படிப் பின்னாடி உக்காந்தாரா?”

“ஒருத்தர் உக்காந்தார். உங்கள மாதிரியேதான் பேசினார்.”

“அப்புறம்?”

“வண்டி வேலையே வேணாம்னு விட்டுட்டார்.”

வாசலில் நின்ற மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கேரண்டி விறைப்பாக “ரைட், போலாம்” என்றான்.

தண்டவாளத்தைக் கடந்தார்கள். ஜல்லி கொட்டிய பாதையில் போனார்கள். தண்ணீர்க்குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெரு முழுக்க ஏறி இறங்கினார்கள். கேரண்டி டம்ளரை ஒரு பெட்டியின் மேல் வைத்து, இன்னொன்றில் முதுகைச் சாய்த்து, மூன்றாவதன் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டான். டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் இன்னும் அழுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தான். அவளுக்கோ ஒரு கண் பாதையில், ஒரு கண் கண்ணாடியில் தெரிந்த இவன்மேல்.

பட்டறை வாசலுக்குத் திரும்பி வந்து இன்ஜினை நிறுத்தினாள். மைத்துனன் பார்க்கட்டும் என்று கேரண்டி குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல் பெட்டியில் ஓங்கித் தட்டக் கையைத் தூக்கினான். அவள் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தான். இன்ஜின் நின்ற பிறகும் ‘ம்ம்ம்’ என்ற சத்தம் நிற்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவள் வலை தொங்கும் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, பெட்டிக்குப் பெட்டி காது வைத்துக் கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எட்டுப் பெட்டியும் அமைதியா இருக்கு. ஆறு வண்டியும் உங்களுக்குத்தான் தம்பி. கோச்சுக்காதீங்க, தேனீ வண்டின்னு முன்னாடியே சொன்னா எந்தப் பட்டறையும் தொடறதில்ல. இப்ப சத்தம் போடாம இறங்குங்க. போன மாசம் உக்காந்து வந்தவருக்கு முகம் வீங்கினது இன்னும் வடியல.”