லாரிகளுக்கு நடுவே சேர்மன்

அந்தமானில், சாத்தம் துறையிலிருந்து கிளம்பிய வாகனப் படகில், இரண்டு லாரிகளுக்கு நடுவே நகராட்சி சேர்மன் ஒச்சப்பனின் கார் நிற்கிறது. கதவைத் திறக்க இடமில்லை. ஜன்னலில் டீசல் வாடையும் உப்புக்காற்றும். இனித் தேர்தலில் நிற்கமாட்டேன் என்று காலையில்தான் மனைவி இந்திராணியின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். லாரியை ஒட்டி ஒருக்களித்து நுழைந்து வருகிறாள், அவருடைய வார்டுக்காரி ராசம்மா. "சேர்மன் சாப், மறுபடியும் பானி வரல. உங்கள விட்டா யாருகிட்ட போய்ச் சொல்றது?" ஒச்சப்பன் காரில் பக்கத்தில் இருக்கும் மனைவியைப் பார்க்கிறார். அவள் தன் பக்கத்து லாரியின் சேறு படிந்த டயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் கைகள் தாமாகக் குவிகின்றன. "ஹோ ஜாயேகா ராசம்மா, தண்ணி வந்துடும். நான் இருக்கேன்ல." கரை வருகிறது. லாரிகள் உறுமிக்கொண்டு இறங்க, இருபுறமும் வெயிலும் கடலும் திறக்கின்றன. "இப்பக் கதவத் திறக்கலாம்," என்கிறாள் இந்திராணி. குவித்த கைகளை அவர் இன்னும் பிரிக்கவில்லை.