பூரணம் சுட்ட விலா

"ஆட்டு விலாவைச் சுட்டுத் தாறனெண்டு கந்தோரிலை என்னோடை வேலை செய்யிற ஆக்களிட்டைச் சொல்லிப்போட்டன். நீர் ஒருநாளும் சுட்டதில்லை. பேசாமல் கடையிலை எடுப்பம், பூரணம்," என்றார் தியாகராசா.

"கடையிலை எடுத்தால் அது எங்கடை விருந்தே?" என்றாள் அவர் மனைவி.

வீட்டின் பின்பக்கக் கோடியில் கல் அடுக்கி, செல் குண்டு விழுந்து கழன்ற யன்னல் கம்பியை மேலே வைத்து, சிரட்டைத் தணல் மூட்டினாள். மிளகாயும் பழப்புளியும் பனங்கட்டியும் கரைத்த கூட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்புச் சேர்த்தாள். பிறகுதான் விலாவில் பூசினாள்.

பின்னேரம் விருந்துக்கு வந்த கந்தோர் மேலதிகாரி தம்பிராசா எலும்பை உறிஞ்சியபடி, "கொழும்பு ஹோட்டலிலையும் இப்பிடிச் சாப்பிடேல்லை, தங்கச்சி! உள்ளுக்கு வெந்ததை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? கடிச்சுப் பாத்தனீங்களோ?" என்றார்.

"இல்லை அண்ணை. நாய் எழும்பி வந்து வாலாட்டிச்சுது. உடனை இறக்கிப்போட்டன்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பிராசா தட்டை அவளிடம் நீட்டினார். "நீங்களும் ஒண்டு எடுங்கோ."

"எனக்கு வேண்டாம் அண்ணை. நான் பிறந்ததிலையிருந்து சைவம். எங்கடை குசினிக்குள்ளை மச்சம், இறைச்சி ஒண்டும் காய்ச்சிறேல்லை. அதுதான் கோடியிலை சுட்டனான்."

தம்பிராசா கையிலிருந்த எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப உங்கடை பங்கும் எனக்குத்தான், தங்கச்சி."