சராசரியைத் தாண்டாத பஸ்

“பாப்பாவ பஸ்ல ஏத்தவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லு, ஸ்டாப்புக்கு வந்துட்டோம்.”

கணவன் போனில் கேட்டான். பள்ளிகளுக்கு பஸ் விடும் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. நேற்று ஒரு பஸ் பிரேக் பிடிக்காமல் சுவரில் போய் மோதியிருந்தது. நல்லவேளை, உள்ளே பிள்ளைகள் இல்லை. இன்று எந்தெந்த வண்டியை நிறுத்த வேண்டும் என்று அவள்தான் பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

“அஞ்சு நிமிஷம் இருங்க. நான் சொல்லாம ஏத்தாதீங்க.”

அவர்கள் வீடு மலைமேல். பஸ் கிளம்பிவிட்டால் மலையை விட்டு இறங்கும்வரை வழியில் டவர் கிடைக்காது. டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்தவும் வழியில்லை.

மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பத்து பிரேக் புகாருக்கு மேல் வந்த வண்டிகளை எல்லாம் நிறுத்திவிடலாம் என்பது அவர் யோசனை. அவள்தான் தலையை ஆட்டி மறுத்தாள். மலையில் ஓடும் வண்டிக்கு பிரேக் கூடுதலாகத் தேயத்தான் செய்யும், அதைச் சமவெளியில் ஓடும் வண்டியோடு ஒப்பிடுவது அநியாயம் என்றாள்.

அதனால் கம்ப்யூட்டரிடம் பட்டியல் கேட்கும் கேள்வியான குவெரிக்குள் இன்னொரு குவெரி வைத்தாள். உள்ளே இருப்பது வண்டிகளை டிப்போ வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு டிப்போவுக்கும் சராசரிப் புகார் எத்தனை என்று பார்க்கும். வெளியே இருப்பது, தன் டிப்போவின் சராசரியைத் தாண்டிய வண்டியை மட்டும் காட்டும்.

என்டரைத் தட்டினாள். பதினோரு எண்கள் வந்தன. பாப்பா போகும் பஸ் இருபத்தேழு. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று மூன்று தடவை பார்த்தாள். இருபத்தேழு இல்லை. கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

“ஏங்க, ஏத்தி விடுங்க. நம்ம பஸ் பட்டியல்ல இல்ல.”

போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மேனேஜரைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடிந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பட்டியலில் மலை டிப்போ வண்டி ஒன்றுகூட வரவில்லையே என்றார்.

“அதான் சார் நான் சொன்னது. மலை வண்டிய மலை வண்டிங்களோடதான் பாக்கணும்.”

“எந்த வண்டிங்களோட? மத்ததெல்லாம் போன மாசமே கீழ கொண்டு வந்தாச்சே. இப்ப அங்க இருபத்தேழு மட்டும்தான்.”

அவள் உள்ளே இருந்த குவெரியை மட்டும் தனியாக ஓட்டினாள். மலை டிப்போ: வண்டி ஒன்று, சராசரிப் புகார் முப்பத்தொன்று. தன்னோடு தன்னையே ஒப்பிட்டுக்கொண்ட பஸ், தன்னை எப்படித் தாண்டும்?

மேஜை மேல் போன் அதிர்ந்தது. கணவனின் செய்தி.

“ஏத்திட்டேன். பாப்பா ஜன்னல்ல கை காட்டிட்டே போனா. பஸ் இறங்க ஆரம்பிச்சிடுச்சு.”