மூன்றாவது கல்

பெட்டியைத் திறந்து காட்டியபோதும் பேச்சியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

லாபிருக்கு அது புதிது. கண்டியில் அவன் கடைக்கு வருகிற துரைமார் அந்தப் பெட்டியைக் கண்டதும் ஒரு தரம் தடவிப் பார்ப்பார்கள். வழவழப்பான செம்மரப் பெட்டி. உள்ளே, சாணைக்கல் தேய்ந்து குழிந்தால் அதைத் தட்டையாக்க ஓர் இரும்புத் தட்டு. கத்தியைச் சாய்வு மாறாமல் பிடிக்க உருளை வைத்த பித்தளைக் கவ்வி. சின்னப் புட்டியில் எண்ணெய். எல்லாம் கப்பலில் வந்தவை. விலை, கல்லின் விலையைப்போல எட்டு மடங்கு.

இவை இல்லாவிட்டால் சாணைக்கல் வெறும் கல்தான் என்று லாபிர் எல்லோரிடமும் சொல்வான். அதை நம்பவும் செய்தான்.

நேற்று டாக்டர் துரையின் சீட்டு வந்தது. கம்பளைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் அவசரமாகக் கால் ஒன்றை எடுக்க வேண்டும். ஆற்றைக் கடக்கையில் கத்திப் பெட்டி தண்ணீரில் விழுந்து, கத்தி துருவேறி, வாய் மழுங்கிவிட்டது. தோட்டத்துச் சாணைக்கல்லோ நடுவில் குழிந்து கிடக்கிறது. தட்டையாக்கும் தட்டோடு உடனே வரவும்.

ரயிலில் கம்பளைக்கு வந்து, அங்கிருந்து மலை ஏறி, தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலை லாபிர் அடைந்தபோது உச்சிவெயில். மலை முழுக்கக் கோப்பிப் பூ வாசனை. வாசலை நெருங்கியதும் அதற்குள்ளே இன்னொரு வாசனையும் வந்தது.

இடுப்புக்குக் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேச்சியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தில் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி அத்தனையும் அவள் தீட்டுவதுதான், லாபிர் நானா, என்றார் கங்காணி. அவளுக்குப் பின்னால் இருட்டு அறையில் ஒரு மனிதன் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அவள் புருஷன் என்று கங்காணி குரலைத் தாழ்த்திச் சொன்னார். அட்டை கடித்த புண்ணாம். சொறிந்து, சீழ் பிடித்து, பாதம் கறுத்துவிட்டது. இன்று விட்டால் கறுப்பு முழங்காலைத் தாண்டிவிடும். பிறகு கடவுள் விட்ட வழி.

லாபிர் அறைப் பக்கம் மறுபடி பார்க்கவில்லை.

டாக்டர் மயக்க மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கத்தி இழுபட்டு நின்றால் இந்த மருந்து போதாது என்றார்.

லாபிர் இரும்புத் தட்டை எடுத்து நீட்டினான். பேச்சியம்மா அதை வாங்கவில்லை. கண்ணுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். தன் தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, தட்டின் மேல் குறுக்காக வைத்தாள்.

மயிருக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது.

கல்லைத் தட்டையாக்க வந்த தட்டே குழிந்திருந்தது. எத்தனை பெட்டி விற்றிருப்பான். ஒரு துரையும் இப்படிப் பார்த்ததில்லை. அவனும்தான்.

அவள் பக்கத்திலிருந்த சாக்கை விலக்கி இரண்டு கருங்கற்களை எடுத்தாள். ஆற்று மணலைத் தூவித் தண்ணீர் தெளித்தாள். சாணைக்கல்லை முதல் கல்லோடு தேய்த்தாள். அந்தக் கல்லை இரண்டாவது கல்லோடு. அதை மறுபடி சாணைக்கல்லோடு. மாற்றி மாற்றி, அவசரமில்லாமல்.

சாணைக்கல்லைத் தேய்க்க ஒரு கல் போதாதா என்று லாபிர் கேட்டான்.

“ரெண்டு கல்லுன்னா ஒண்ணு குழியும், மத்தது அதுக்கு ஏத்தாப்புல மேடாயிரும் நானா. பாக்குறதுக்குப் பொருந்தித்தான் இருக்கும். மூணாவது கல்லுகிட்ட அந்தப் பொய் செல்லாது.”

லாபிர் அப்படியே குந்திவிட்டான்.

குழியும் மேடும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். மூன்று கல்லும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால், மூன்றும் நேராவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வாசலில் நேரான பொருள் என்று எதுவுமே இல்லை. கோணல் கல் மூன்று, கொஞ்சம் மணல். அவற்றுக்குள்ளிருந்து நேர் என்கிற ஒன்று தானாகப் பிறந்துகொண்டிருந்தது.

முதலில் கரகரவென்றது. பிறகு இழைவது போல ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

மணலைக் கழுவி, ஈரத்தோடு இரண்டு கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேல் கல்லை நேரே தூக்கினாள். கீழ்க் கல்லும் கூடவே எழுந்து அந்தரத்தில் தொங்கியது.

ஸுப்ஹானல்லாஹ் என்று லாபிரின் வாய் முணுமுணுத்தது.

டாக்டரின் கத்தியை எடுத்து அதன் முதுகுக்கு அடியில் ஒரு மூங்கில் சிம்பைக் கட்டினாள். சாய்வுக்கு அது போதும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தீட்டினாள். கடைசியில் கங்காணியின் இடுப்பு வாரைக் கேட்டு வாங்கி அதில் இழுத்தாள்.

தலையிலிருந்து இன்னொரு மயிரைப் பிடுங்கிக் கத்தியைத் தொட வைத்தாள். தொட்டது தெரியவில்லை. மயிர் மட்டும் இரண்டாகி விழுந்தது.

டாக்டர் கத்தியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

உள்ளே அழுதுகொண்டிருந்த மனிதன் எழுந்தான். நடந்து வெளியே வந்தான். லாபிர் அவன் பாதங்களைப் பார்த்தான். இரண்டும் நன்றாக இருந்தன. அவன் பேச்சியம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் தோள்களை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அவள் கம்பளியை விலக்கினாள்.

“அந்தப் பெட்டிய இப்படித் தள்ளுங்க நானா. காலுக்கு அண்டக் குடுக்க ஒசரம் சரியா இருக்கும்.”