வெட்டாத கட்டில்

செஞ்சியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பீமாராவ், ராணுவ முகாமில் கழித்துப்போட்ட கட்டில்களை ஆன்லைன் ஏலத்தில் எடுத்தார். வேலூர் வியாபாரி ஒருவர் கடைசி நிமிடம்வரை மல்லுக்கட்டித் தோற்றார். நிபந்தனை ஒன்றுதான்: எல்லாவற்றையும் வெட்டிப் போட்டோ அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முன்பணம் போச்சு. இனி எந்த ஏலத்திலும் கேட்க முடியாது.

கடைசிக் கட்டிலை வெட்டுவதற்குள் இரும்பு வெட்டும் கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. மனைவி இறந்ததிலிருந்து கல்யாணக் கட்டிலைத் தொடாமல் தரையிலேயே படுத்துவந்தவர், அன்று இதைக் கடையை ஒட்டிய வீட்டுக்குள் போட்டு, போர்வையை விரித்துப் படுத்தார். காலையில் பல் விளக்கிவிட்டு வந்தால், போர்வை பட்டாளத்து மடிப்பாக, செங்கல் மாதிரி மடிந்து கால்மாட்டில் இருந்தது. மறுநாளும் அப்படியே.

“இன்னாண்ணே, வூடு பளிச்சுனு இருக்குது! யாரு வந்துக்கறாங்க?” என்றாள் டீ கொண்டுவந்த பக்கத்துக் கடை கலைமதி.

“யாருன்னு தெர்லமா. ஆனா சுத்தமான ஆளு.”

ஏல ஆபீஸிலிருந்து போன் வந்தது. “போட்டோவுல ஒரு கட்டில் குறையுதே?”

“சாயங்காலம் வெட்டிடறேன் சார்.”

வெட்டினார், மாமனார் கல்யாணத்துக்கு வாங்கிக்கொடுத்த இரும்புக் கட்டிலை. போட்டோவில் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் காலை கண் விழித்தபோது, கட்டில்மேல் விரித்திருந்த போர்வை அவர் கழுத்துவரை போர்த்தியிருந்தது. சித்திரை மாதம். கோட்டைப் பாறை ராத்திரியிலும் அனல் கக்கும் ஊரில் யாரும் போர்த்திக்கொள்வதில்லை. பீமாராவ் வியர்க்க வியர்க்க, போர்வையை விலக்காமல் படுத்திருந்தார்.