இறங்காத கை

பகலெல்லாம் அரிசி மண்டியில் மூட்டை, மாலையில் ஜிம்மில் இரும்பு. மூன்று மாதமாக மாசிலாமணி தின்றது முட்டை வெள்ளையும் வெள்ளரிக்காயும்தான். மேடையில் நரம்பு தெரிய வேண்டுமென்று இரண்டு நாளாகத் தண்ணீரையும் நிறுத்தியிருந்தான். மாவட்ட ஆணழகன் பட்டம் கிடைத்தால் ஜிம்மிலேயே மாஸ்டர் வேலை. முதுகில் இனி மூட்டை ஏறாது.

கடைசிச் சுற்றில் இருவர்தான் மிச்சம். மாசிலாமணி வலது கையை மடக்கினான். புஜம் கல்லாக எழும்பியது. மண்டி ஆட்கள் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார்கள்.

"விடாத மாசி! அவனுக்குக் கை நடுங்குது பாரு!"

எதிராளி கையைத் தொங்கவிட்டான்.

"போதும்பா, இறக்கு" என்றார் நடுவர்.

மாசிலாமணியும் இறக்கத்தான் பார்த்தான். கை இறங்கவில்லை. சுருங்கிய சதை விரியவும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும். அவன் உடம்பில் ஒன்றுமில்லை.

"திமிரப் பாருடா நம்மாளுக்கு!" கூட்டம் ஆர்ப்பரித்தது.

கூட மூட்டை தூக்கும் ஏகாம்பரம் மட்டும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி பாட்டிலோடு மேடையோரம் ஓடிவந்தார். "குடிச்சுத் தொலைடா!"

"ரிசல்ட் சொல்லட்டும்ணே. இப்பக் குடிச்சா வயிறு உப்பிரும்."

மைக்கில் பெயரைச் சொன்னார்கள். அவன் பெயர்தான். கோப்பை நான்கடி தள்ளி மேசைமேல் பளபளத்தது. சிரித்தபடியே காலை எடுத்து வைக்கப் பார்த்தான். தொடை ஒருமுறை துள்ளி, கையைப் போலவே இறுகி நின்றது.

"எடுடா! எடுடா!" மொத்த அரங்கும் எழுந்து நின்று கைதட்டியது.