துருவுக்கு ஒரு சட்டம்

பதினோராவது ஞாயிற்றுக்கிழமையும் அவன் மனைவியிடம் தோற்றான். சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த பழுப்புத் துணியின் மேல், தெர்மாகோல் பாறை ஓரமாக, அவனுடைய கடைசிப் பீரங்கி வண்டி கவிழ்ந்து கிடந்தது. தீப்பெட்டி அளவு பொம்மை வண்டிதான். ஆனாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பகடைகளைப் பொறுக்கினான்.

"விடுங்க, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று ஒரு பெருமூச்சு விட்டு, அவள் டீ போடப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் தொங்கிய முகம் நிமிர்ந்தது. தோற்ற வண்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோர மேசைக்கு ஓடி, ஸ்பாஞ்ச் துண்டையும் துரு நிற பெயிண்டையும் எடுத்து வைத்தான்.

அவனுக்குப் பல் செட் செய்கிற வேலை. புதுப் பல்லில் ஒரு துளி மஞ்சளும் மயிரிழை விரிசலும் வைத்து, சொந்தப் பல் என்று ஊரை நம்ப வைப்பதில் கெட்டிக்காரன். அதே கை, விண்வெளிப் போர் ஆட்டத்தின் குட்டி வண்டிகளைப் பழசாக்குவதில் இன்னும் கெட்டி. ஸ்பாஞ்சால் கரும்பழுப்பை ஒற்றினால் பெயிண்ட் உரிந்த இடம். அதன் கீழே ஆரஞ்சு நிறத்தை நீர்க்க இழுத்தால் மழையில் வழிந்த துரு. சக்கரத்தில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவினால் நூறு மைல் புழுதி. விளையாட்டுச் சங்கத்தில் அவனுக்கு 'துருவாத்தியார்' என்றே பெயர்.

வினை எங்கே வந்தது என்றால், மனைவிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த அன்றைக்கே வாத்தியார் ஒரு சட்டம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார். தோற்றவர் மட்டுமே தன் வண்டிக்குத் துரு வைக்கலாம்; ஜெயித்தவர் வண்டி பளபளவென்று அலமாரிக்குத் திரும்ப வேண்டும். அடியே படாத வண்டிக்குத் துரு வைப்பவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. துருவை உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு மணி நேரப் பிரசங்கம் வேறு.

பிரசங்கம் முடிவதற்குள் அவனுக்கே கை அரித்தது. அப்புறம் என்ன, தோற்க ஆரம்பித்தான்.

அது லேசான காரியமாக இல்லை. அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பத்து வருடத்தில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவள் இந்த மேசைக்கு வந்தால் மட்டும், பெரிய வண்டியைக் கொண்டுபோய் நட்ட நடு வெளியில் நிறுத்திவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாறை மறைவில் வைக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. அவளிடம் தோற்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தான் என்று தெரிந்தால் அவள் மேசையை விட்டு எழுந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எதிரே அவள் இல்லாமல் உட்காருவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். சனிக்கிழமைப் போட்டிக்கு அவன் மனைவி பெயர் கொடுத்திருக்கிறாராம். துருவாத்தியாரையே வாராவாரம் கவிழ்க்கிறவர் என்பதால், முதல் ஆட்டத்திலேயே போன வருடத்துச் சாம்பியனோடு மோத விட்டிருக்கிறார்களாம்.

அந்தச் சாம்பியன் ஈவு இரக்கம் பார்க்காத ஆள். பத்தே நிமிடத்தில் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். இவனுடைய கை அரிப்புக்கு, சங்கமே சுற்றி நின்று பார்க்க, அவள் தலைகுனிய வேண்டும்.

டீயோடு வந்தவளிடம் கவலையின் சாயலே இல்லை. போட்டி விஷயத்தை அவளே சொன்னாள். பெயர் கொடுத்த நாளிலிருந்து கடையில்கூட இருப்புக் கொள்ளவில்லையாம், அவ்வளவு சந்தோஷமாம்.

"ஏங்க, நம்ம சட்டம் வெளியில ஆடற ஆட்டத்துக்கும் உண்டுதானே?" என்று அலமாரிக் கதவைக் காட்டிக் கேட்டாள்.

உண்டு என்று தலையாட்டினான். தன்னிடம் சாம்பியன் தோற்று வண்டிக்குத் துரு வைக்க வேண்டிவருமே என்று இப்போதே அந்த ஆளுக்காகக் கவலைப்படுகிறாளாக்கும். பாவமாக இருந்தது.

அவள் உட்கார்ந்து தன் வண்டியைத் துணியால் துடைத்தாள். வாங்கிய அன்று அடித்த பச்சை பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னியது. இனி மென்று விழுங்கிப் பயனில்லை என்று அவன் எதிரே போய் உட்கார்ந்தான்.

"போட்டி வேண்டாம்மா. இத்தனை வாரமும் நீ ஜெயிக்கலை. நான்தான் வேணும்னே தோத்தேன்."

துடைத்த கை நின்றது. "எதுக்கு?"

"துரு வைக்கற ஆசைதான். தோக்காம வைக்க முடியாதே, சட்டம் இருக்கே."

அதன் பிறகு அவன் மூச்சுவிடாமல் பேசினான். நாளைக்கே செயலாளரிடம் சொல்லிப் பெயரை எடுத்துவிடலாம், பழியைத் தானே ஏற்றுக்கொள்கிறேன் என்றான். என்ன வேண்டுமானாலும் திட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதே என்று கெஞ்சினான்.

அவள் ஜன்னலோரம் வரிசையாக நின்ற அவனுடைய வண்டிகளை, ஒவ்வொரு துருவாக, ஒவ்வொரு காயமாகப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த தன் பளபளக்கும் வண்டியைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நான் பேர் கொடுத்ததே தோக்கறதுக்குத்தாங்க, வீட்டிலதான் நீங்க விடவே மாட்டேங்கறீங்களே."